பக்கத்து வீட்டுப் போஞ்சியும் நத்தைகளும்

போஞ்சி, அதாவது பீன்ஸ், போடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். நத்தைக்கு உப்பு என்றால் வாளிக்குள் போடுங்கள், பாத்தியில் தூவித் தொலைக்காதீர்கள். உப்பு மண்ணில் இறங்கினால் நத்தையோடு செடியும் சாகும். ஒரு கத்தரிப் பாத்தியைக் கருக்கிவிட்டுத்தான் எனக்கே இது விளங்கியது.

அப்போது நாங்கள் கண்டியில், பேராதனை வீதிக்கு மேலே ஒரு சரிவில் வாடகைக்கு இருந்தோம். கணவர் கந்தோரில் கிளாக்கர். சரிவில் எங்களுக்கு அடுத்து மேலே இருந்த வீட்டில் ஒரு சிங்கள அம்மா, விதவை. ஒரே மகன். என்னை நங்கி என்பார், தங்கச்சி என்று அர்த்தம். நான் அவரை அக்கா என்பேன். கடைத்தெருவில் கற்ற தமிழ் அவருக்குத் தாராளமாகப் போதுமாயிருந்தது.

தோட்டத்து விஷயத்தில் எங்களுக்குள் பெரும்பாலும் ஒத்துப்போகும். அசுவினிப் பூச்சி பிடித்தால் பனி காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுவோம். பாகல் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி உறையாகப் போடுவோம், ஈ வந்து குத்தாது. புழுவுக்கு நான் புகையிலைத் தண்ணீர் தெளிப்பேன். அவர் புழுவைக் குச்சியால் எடுத்துக் காட்டுச் செடியில் விட்டுவிட்டு வருவார்.

நத்தையில்தான் சண்டை. கப்பலில் வந்து இறங்கியதாகச் சொல்லப்பட்ட அந்தப் பெரிய நத்தைகள் மழைக்காலத்தில் தோட்டத்தையே மொட்டையடித்துவிடும். அக்கா காலையில் அவற்றை வாளியில் பொறுக்கிக்கொண்டு, எங்கள் வீட்டு ஓரமாக இறங்கி, கீழே ஓடைக்கரையில் பதமாக விடுவார். அவை மறுபடி மேலே ஏறும். வழியில் முதல் சாப்பாடு என் தோட்டத்தில்.

"அக்கா, நீங்க அதுங்களுக்கு விருந்து வச்சு அனுப்புறீங்க, எங்க வீட்டுச் செலவுல" என்பேன்.

"அதுக்கும் உசிரு இருக்குதானே நங்கி. கொன்னா பௌ" என்பார். பௌ என்றால் பாவம்.

அந்த மகன் காய்ச்சலில் போய்விட்டான். படுக்குமுன் கடைசியாக அவன் செய்த வேலை, பின்பக்கத்தில் போஞ்சிக்கு ஒரு பாத்தி கொத்திப் போட்டதுதான். அவன் போய் வருடம் முடிய, அவன் பேரில் பிக்குகளுக்குத் தானச் சாப்பாடு கொடுக்க வேண்டும். அந்தத் தானத்தில் மகன் கொத்திய மண்ணில் காய்த்த போஞ்சி இருக்க வேண்டும் என்று அக்கா தீர்மானித்துவிட்டார். வத்தேகமச் சந்தையில் விதை வாங்கிப் போட்டார். இரண்டு இலை விட்டதும் நத்தை தின்றது. மறுபடி போட்டார், மறுபடியும் தின்றது. தானத்துக்குள் காய் பறிக்க வேண்டுமானால் இன்னும் ஒரே தடவைதான் விதைக்கலாம்.

சாம்பலை வட்டமாகப் போட்டுப் பார்த்தோம். சுண்ணாம்பு, முட்டைக்கோது எல்லாம் போட்டோம். கண்டி மழைக்கு இதெல்லாம் எம்மாத்திரம். அக்கா பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுதார்.

"உப்பு போட்டா எல்லாம் சரியாயிரும்க்கா. நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

"வேணாம் நங்கி. அந்தத் தானத்துல வர்ற பின் என்ட மகனுக்குப் போய்ச் சேரணும். கொலை செஞ்ச தோட்டத்துக் காய் எப்பிடிச் சேரும்?"

பின் என்றால் புண்ணியம். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. செத்த பிள்ளைக்காக ஒரு தாய் கேட்பது ஒரு பிடி போஞ்சி. அதையும் ஒரு நத்தைக் கூட்டம் தின்னுமென்றால் நான் சும்மா இருக்கிற ஆளில்லை.

மூன்றாம் விதை முளைத்ததும் ஆரம்பித்தேன். பொழுது சாயும் நேரத்தில் வேலியடியில் ஈரச்சாக்கை விரித்து அடியில் பப்பாளித் தோலைப் போடுவேன். விடியுமுன் தூக்கினால் நத்தைகள் கும்பலாக இருக்கும். எல்லாம் உப்பு வாளிக்குள். வேலிச் சந்தால் நுழைந்து அக்காவின் பாத்தியிலும் தடவிப் பொறுக்குவேன். பிறகு வாழைக்குழியில் புதைத்துவிட்டு மாதா கோயில் பூசைக்குப் போவேன். பாவசங்கீர்த்தனத்தில் நத்தைக் கதையை நான் எடுத்ததேயில்லை. சாமியாருக்கு வேறு வேலையில்லையா?

"நத்தைய விட நீதான் அந்த வீட்டுத் தோட்டத்துல அதிகமா ஊர்ந்துக்கிட்டுத் திரியிற" என்றார் கணவர்.

போஞ்சி கம்பில் ஏறியது, பூத்தது, கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம், மகன்தான் செடியைக் காவல் காக்கிறான் என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. புண்ணியக் கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அவருக்கு இருந்ததே. நான் செய்தது தெரியவந்தால், அந்தத் தானம் பிள்ளைக்குச் சேரவில்லை என்று காலமெல்லாம் மறுகுவாரே.

தானத்தன்று சமையலுக்கு ஒத்தாசையாகப் போனேன். போஞ்சிக்கு நார் எடுத்ததும் நான்தான். அக்கா ஹாமுதுருவோ என்று கும்பிடும் பிக்குகள் சாப்பிட்டு, பிரித் மந்திரம் ஓதி, மகன் பேருக்குப் புண்ணியம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கும்பிட்ட கையை எடுக்காமல் அக்கா வாசலிலேயே வெகுநேரம் நின்றார். பிறகு குசினிக்கு வந்து எனக்கு இலை போட்டு, சோறும் போஞ்சிக் கறியும் வைத்தார்.

"காலையில வேலிக்கிட்ட நங்கிட வாளிச் சத்தம் கேக்கும்" என்றார்.

பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டேன்.

"எழும்பி வந்தா நிறுத்தச் சொல்லணும். அதனால எழும்பாமப் படுத்திருந்தன். நெடுகவும் கேட்டுக்கிட்டே படுத்திருந்தன் நங்கி."

வாய் திறக்கப் போன என்னை அவர் பேச விடவில்லை. கறியை இன்னொரு கரண்டி அள்ளி என் இலையில் வைத்தார்.

"ஹாமுதுருவோகிட்ட கும்பிட்டுச் சொல்லிட்டன். பின் எல்லாம் மகனுக்கு, பௌ எல்லாம் எனக்கு. நங்கி பயப்படாமச் சாப்பிடுங்க."