யப்பானைத் தள்ளிய கால்

அடம்பனிலிருந்து மன்னாருக்கு, செல்வம் அண்ணையின் இந்திய மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகிறேன். யப்பான் மோட்டார் சைக்கிள்தான் திறம் என்று அதை வைத்திருக்கும் தன் மச்சானை வழிநெடுகத் திட்டிக்கொண்டே வருகிறார்.

மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தில் சோளகக் காற்று சட்டையைப் பிய்க்கிறது. அந்த மச்சானே அங்கு நிற்கிறார், யப்பான் ஸ்டார்ட் ஆகவில்லை. அண்ணை மச்சானை யப்பானிலேயே ஏறி இருக்கச்சொல்லிச் சைகை காட்டுகிறார். ஒரு காலை நீட்டி, யப்பானின் கால்மிதியில் ஊன்றித் தள்ளியபடியே ஓட்டுகிறார்.

தீவுக் கரை வந்ததும் காலை எடுத்துவிடுகிறார். மச்சான் இறங்கி உருட்டத் தொடங்குகிறார்.

"ஏனண்ணை விட்டிட்டீங்கள்?"

"சந்தியிலை எங்கடை இந்தியன் மோட்டார் சைக்கிள்காரர் நிப்பாங்கள். கண்டால் நக்கலடிச்சே அவனை அந்த யப்பானை விக்கப் பண்ணிப்போடுவாங்கள்."

"உங்களுக்கு நல்லதுதானே?"

"விசர்க்கதை, தம்பி. பிறகு நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"