உட்காரக் கூடாத பெஞ்சு

பழைய மரம் விற்பவர்கள் பொய் சொல்வார்கள். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அரசு அலுவலகத்தில் அடுத்தவர் மனுக்களைப் படித்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவரைக் கவனிக்க வேண்டும்.

ஓய்வு பெற்றதும் புதுப்பட்டினத்தில் வீடு பார்த்துக் குடியேறினோம். பொழுதுபோக்காகப் பழைய மரத்தில் பெஞ்சு, ஸ்டூல், அலமாரி என்று செய்து பழகினேன். நேர்த்தியான சாமான்கள் அல்ல. ஆணி அடித்த ஓட்டை, உப்பு அரித்த தழும்பு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, உட்கார்ந்தால் ஆடாமல் இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்வேன். குப்பைக்குப் பதவி உயர்வு கொடுப்பதாக என் மனைவி சொல்வாள்.

செங்கல்பட்டு போகும் சாலையில் இருக்கும் மரக்கடையில் அன்று நான்கு வேப்பமரக் கட்டைகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார் கடைக்காரர். நான் வாய் திறக்கும் முன்பே, "போட்டு மரம் சார். சதுரங்கப்பட்டினத்துப் போட்டு" என்றார். அவ்வளவு கனமான சதுரக் கட்டையை எந்தப் படகில் எங்கே வைப்பார்கள் என்று கேட்டேன். அதெல்லாம் படகு கட்டுகிறவனுக்குத்தான் தெரியும் என்றார். சந்தேகத்தோடுதான் வாங்கினேன். மரம் நன்றாக இருந்தது.

நான்கில் தடிமனான கட்டையின் இரண்டு நுனிகளையும் அறுத்துத் தள்ளி, பக்கத்தில் ஒரு படகுப் பலகையைச் சேர்த்து, சவுக்குக் கழிகளைக் காலாக வைத்து ஒரு பெஞ்சு செய்தேன். இழைப்புளி ஓட்டியபோது சுருள் மஞ்சளாக வந்தது. எவ்வளவு இழைத்தும் மஞ்சள் போகவில்லை. இன்னொரு கட்டையின் ஒரே முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஆணிகள் இருந்தன. மாவிலைத் தோரணம் கட்ட அடித்த மாதிரி. மறுநாளே கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். படகுக்கும் மஞ்சள் பூசிப் பூசை போடுவார்கள் என்றார். அது உண்மைதான். ஆனால் படகுக்குத் தோரணம் கட்ட அத்தனை ஆணி எதற்கு என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் சந்தேகத்தோடுதான் குடித்தேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் சதுரங்கப்பட்டினம் குப்பத்துக்காரி. கோட்டை மதில் ஓரத்தில் வீடு. ஒருநாள் மீனைக் கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்காமல் நின்றாள். நான் மரவேலை செய்யும் கொட்டகையைப் பார்க்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டுகிறார்கள். கழற்றி மதிலில் சாய்த்து வைத்திருந்த வாசல் நிலையை, இடிபாடு அள்ள வந்த வண்டி சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. புது வீட்டில் சுவர் எழும்பி, வாசலுக்கு விட்ட இடம் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அவள் கணவர் வேறு நிலை வைத்தால் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டேன் என்று வலைக்கொட்டகையிலேயே படுத்துக் கிடக்கிறார்.

"கடலு உள்ள வந்தப்ப செவுரு பூரா போய்ச்சி சாரு. இந்த நிலை மட்டும் நின்னுகினு இருந்திச்சி. அத்த வுட்டுட்டு வேற வச்சா வூடு அவருக்கு வூடே இல்ல."

ஆடி பிறந்துவிட்டால் நிலை வைக்க முடியாது. அதற்குள் கிடைக்காவிட்டால் வீடு பூட்டிக் கிடக்கும், அவர் கொட்டகையில் கிடப்பார், இவள் இரண்டுக்கும் நடுவே சோற்றுத் தூக்கோடு நடந்துகொண்டிருக்க வேண்டும்.

கேட்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. பரிதாபமாக இருக்கும் மனுக்களைத்தான் நான் இரண்டாவது முறை படிப்பேன். களவுபோன பொருள் என்றால் காவல் நிலையத்தில் புகார், அவர்கள் வந்து கைப்பற்றுவது, நீதிமன்றத்தில் ஒப்படைப்பு, உரிமையை நிரூபித்த பிறகு திரும்பப் பெற மனு என்று முறையை வரிசையாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அதுக்குள்ள கரையான் துன்னுட்டுப் பூடும் சாரு."

ஆகவே ஓர் அடையாள அணிவகுப்பு நடத்துவது என்று முடிவு செய்தேன். அதற்கும் விதி உண்டு. அடையாளம் காட்டுபவர் பொருளை முன்கூட்டிப் பார்த்திருக்கக் கூடாது. அதே தோற்றமுள்ள வேறு பொருள்களோடு கலந்து வைக்க வேண்டும். யாரும் சைகை காட்டக் கூடாது. மறுநாள் காலை மீதியிருந்த மூன்று கட்டைகளையும் வேறு வீடுகளின் உத்திரம், ஜன்னல் சட்டம் எல்லாவற்றோடும் கலந்து சுவரில் சாய்த்தேன். ஆணி வரிசை தெரியக் கூடாதென்று அந்தக் கட்டையைத் திருப்பி வைத்தேன். மனைவியை உள்ளே போகச் சொன்னேன். போகவில்லை. பிறகு எல்லாவற்றையும் பார்க்க வசதியாகப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

மீன்காரம்மாள் வந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வரிசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் பார்வை என் முகத்தில் இல்லை.

"மொதல்ல நீ எய்ந்திரு சாரு."

எழுந்தேன்.

"எங்க வூட்டு நெலப்படிம்மா இது" என்று என் மனைவியிடம் சொன்னாள். "காலு படாம தாண்டிப் போவோம். மவராசன் குந்திகினு காப்பி குட்ச்சிகினு கீறாரு."

மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் குடித்து வைத்திருந்த டம்ளரைப் பெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டேன். மற்ற மூன்று கட்டைகளையும் மீன்காரம்மாள் வரிசையிலிருந்து தனியே எடுத்து வைத்துவிட்டு, ஒரு நிலைக்காலின் அடியில் கறுத்திருந்த இடத்தைத் தடவிக் காட்டினாள். கார்த்திகை விளக்கு சுட்ட இடமாம். வடக்குப் பார்த்த வீடு. கடல்காற்றில் சுடர் எப்போதும் அந்தப் பக்கமே சாய்ந்து நக்குமாம்.

அவள் போனதும் மனைவியை விசாரித்தேன். மஞ்சள், ஆணி, பெஞ்சு எல்லாவற்றையும் ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருக்கிறாள். மீன் கழுவி வாங்கும் நேரத்தில் பின்னே எதைப் பேசுவது என்றாள். சாட்சி கலைந்துவிட்டது. எந்த நீதிமன்றமும் இந்த அணிவகுப்பை ஏற்காது.

கடைக்காரரிடம் மறுபடியும் போனேன். இம்முறை அவர் பேச்சிலிருந்து படகு போய்விட்டது.

"நிலைன்னு சொன்னா எவன் சார் வாங்குவான்? அடுத்தவன் வூட்டு வாசல யாரு தூக்கிகினு போவான்?"

அது யார் வீட்டு வாசல் என்றேன்.

"எல்லாப் பழைய மரமும் யார் வூட்டுலயாச்சும் இருந்ததுதான் சார். காட்டுல இருந்து நேரா வந்தா அதுக்குப் பேரு புது மரம்."

நிலை என்பது உறுதியாயிற்று. யாருடையது என்பது ஆகவில்லை. குப்பத்துப் பக்கம் ஒரே சமயத்தில் எத்தனையோ வீடுகள் இடிபடுகின்றன. ஆனால் ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று கட்டைகளையும் எடுத்துக்கொள்ளும்படி மீன்காரம்மாளிடம் சொல்லிவிட்டேன். நிலைப்படியை மட்டும் திருப்பித் தர வழியில்லை. சுவருக்குள் போகும் நுனிகளை நான்தான் அறுத்துவிட்டேனே. அதற்கு என்ன செய்வது என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"கரையான் புட்ச்சிதுன்னு அவராண்ட சொல்லிக்கிறேன். புதுசா ஒரு படி போட்டுக்கலாம்."

கண் இமைக்காமல் சொன்னாள். கட்டிய கணவனிடம் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறவள், வாரத்துக்கு நாலு தடவை மீன் விற்கும் இடத்தில் என்ன சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

நிலை வைக்கும் அன்று வரச் சொன்னாள். விசாரணையைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை. போனேன். பழைய மேல்சட்டமும் நிலைக்கால்களும் புதுப் படியோடு பொருத்தித் தயாராக இருந்தன. கொத்தனார் தாமதமாக வந்ததால் வெயில் ஏறி, கடல்காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. மஞ்சள் பூசி, பூ வைத்து, நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். அவள் கணவர் தள்ளி நின்றார். ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். அவர் நிலையைப் பார்த்த பார்வை, நான் மனுக்களைப் பார்க்கும் பார்வை. பெருவிரலால் ஆணி வரிசையைத் தடவினார். புதுப் படியைக் குனிந்து பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"பழைய படிக்கு இன்னாச்சி?"

அவள் பூக்கூடையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பூத் தொடுத்த விரல்கள் நின்றுவிட்டன. கொத்தனாரும் கரண்டியோடு நின்றார். என் வேலைக்காலம் முழுவதும் இப்படிப்பட்ட இடத்தில் கேள்வி கேட்கிறவன் நானாகத்தான் இருந்திருக்கிறேன்.

"கரையான்" என்றேன். "பாதிக்கு மேல் போய்விட்டது."

நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் இடத்தில் நான் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். விளக்கைத் தானே ஏற்றி, கறுத்த இடம் இருந்த நிலைக்காலின் அடியில் வைத்தார். காற்றில் சுடர் சாய்ந்தது. சரியாக அந்தக் கறுப்பில் போய்ப் படுத்தது. அதை எல்லோரும் பார்த்தோம். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, படியில் கால் படாமல் தாண்டி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் சொம்போடு ஓடினாள்.

திரும்பும் வழியில் யோசித்தேன். இந்தக் கரையில் வடக்குப் பார்த்த எந்த வீட்டிலும் சுடர் அந்தப் பக்கம்தான் சாயும். அது நிரூபணமே அல்ல. வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னேன். கையில் மஞ்சள் கிண்ணத்தோடு நின்றாள். வெள்ளிக்கிழமையாம். பெஞ்சுக்குப் பூசிவிட்டு ஒரு பொட்டும் வைத்தாள்.

மீன்காரம்மாள் இப்போதும் வருகிறாள். கூடையை இறக்கியதும் முதலில் கொட்டகைப் பக்கம்தான் பார்க்கிறாள், பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று. நான் பக்கத்தில் நின்றுகொண்டு காப்பி குடிக்கிறேன். அவள் வராத நாட்களிலும் நின்றுகொண்டுதான் குடிக்கிறேன். மனைவி அவளிடம் எதையும் மறைக்க மாட்டாள்.