பெட்ரோல் பங்க் வழியாக லைசென்ஸ்

அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். மீதிப் பேர் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்தாலே அவர்கள் மாஸ்டரிடம் வரவில்லை என்று தெரிந்துவிடும். இதைச் சொன்னது மாஸ்டரேதான், ஆனால் பொய்யில்லை. எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார், ஓட்டுகிறவர் பக்கம் மூன்று பெடல், மாஸ்டர் பக்கம் தனியாக ஒரு பிரேக். அந்த பிரேக்கை அவர் பதறி அழுத்தியதாக யாரும் சொன்னதில்லை. இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பரைப் போடுகிறவர்களிடம்கூட, "அவசரமே வேணாம், நிதானமா இருங்க. நமக்கென்ன ரயிலா கிளம்புது?" என்பார். இதைக் கேட்டுக் கேட்டே பயந்தாங்கொள்ளிகளெல்லாம் தைரியமாக லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த நிதானத்தில் கால்வாசி வீட்டுக்கு வந்திருந்தால் டீச்சர் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தனம் நடத்த வேண்டியிருக்காது. டீச்சர் என்றால் மாஸ்டரின் மனைவி. காலமெல்லாம் ஒன்றாம் வகுப்புக்கே பாடம் எடுத்துவிட்டு, அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டில் நிம்மதியாக உட்காரலாம் என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் தப்பு.

வீட்டில் பாத்ரூம் ஒன்றுதான். அதற்குள் மாஸ்டர் போனால் போனதுதான். முதலில் குழாயைத் திறந்துவிடுவார், உள்ளே நடப்பது வெளியே கேட்கக் கூடாதாம். நடந்தால்தானே கேட்பதற்கு? வாளி நிரம்பி வழியும் சத்தம் வரும். நடுவில் ஒரு செருமல் வரும். டீச்சர் துண்டும் கையுமாக வெளியே நிற்பார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, முடிஞ்சுது."

வெளியே வந்து, செய்தித்தாளைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். ஒரு பத்தி படித்திருக்க மாட்டார், மறுபடியும் எழுந்துவிடுவார். ராத்திரியில் எத்தனை தடவை எழுந்தார் என்று எண்ணுவதை டீச்சர் எப்போதோ விட்டுவிட்டார். வெளியே கிளம்பும் நாட்களில் மாஸ்டர் தண்ணீரே குடிப்பதில்லை. கறுப்புப் பேன்ட் தவிர வேறெதுவும் போடுவதில்லை. கேட்டால், "கறுப்புதான் எனக்கு எடுப்பா இருக்கு" என்பார்.

டீச்சரின் வகுப்பில் ஆறு வயசுப் பிள்ளைகள் சுண்டு விரலைத் தூக்குவார்கள். ஒண்ணுக்குப் போகணும் என்று அர்த்தம். பள்ளி திறந்த புதிதில் தனியாகப் போகப் பயப்படும் பிள்ளைகளும் உண்டு. அதுகள் விரலைத் தூக்கியபடி அசையாமல் நிற்கும், கண்ணில் நீர் முட்டும். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே போய்க் கழிப்பறை வாசலில் காத்திருப்பார். அத்தனை பிள்ளைகளும் வாய் திறந்தோ விரல் தூக்கியோ சொன்னார்கள். இந்த ஒரு ஆள் மட்டும், அறுபதைத் தாண்டியும், தனக்கு ஒரு தொந்தரவு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறார்.

"டாக்டர்கிட்டப் போகலாங்க."

"எதுக்கு? வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்."

"எல்லாருக்கும்னா, அப்ப எல்லாரும் டாக்டர்கிட்டப் போறாங்கள்ல?"

"சுகர் டெஸ்ட் பண்ணேனே, இல்லன்னுட்டாங்களே."

"சுகருக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? இது புராஸ்டேட் சமாசாரம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மாஸ்டருக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். காருக்குக் காற்றுப் பிடிக்கப் போவார். நேற்றுத்தான் பிடித்தார் என்று சொன்னாலும் போவார்.

காரணம் டீச்சருக்குத் தெரியாமலில்லை. மாஸ்டரின் அண்ணனுக்கும் இதே தொந்தரவுதான். ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. மாஸ்டர் கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் அண்ணன் செத்தார். ஒண்ணுக்கில் ரத்தம் போவதை அவர் வருஷக்கணக்கில் மூடி மறைத்தார் என்றும், எலும்பு வரைக்கும் புற்று பரவிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்றும் அண்ணி டீச்சரிடம் அழுதுகொண்டே சொல்லியிருந்தார். அதை மாஸ்டரிடம் சொன்னால் காதிலேயே ஏறாது.

இப்படியிருக்க, டீச்சருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. பக்கத்து ஊரில் மகள் இருக்கிறாள், பேத்தி இருக்கிறாள். மாஸ்டரோடு கிளம்பினால் காலையில் புறப்பட்டது சாப்பாட்டு வேளைக்குத்தான் போய்ச் சேரும், அவ்வளவு இடத்தில் நிறுத்தம். மனுஷி தனியாகவே போய்விடலாம் என்று முடிவு பண்ணி, வேறு வழியில்லாமல், சொந்தப் புருஷனிடமே மாணவியாகச் சேர்ந்தார். அப்போதுதான் குட்டு உடைந்தது.

மாஸ்டரின் வகுப்புக்கு ஒரு வழி உண்டு. தெருவை விட்டு வெளியே வந்ததும் நூலகம். அங்கே பார்க்கிங் பயிற்சி. "என்ஜினை அணைங்க, கண்ணாடி மூணையும் சரி பார்த்து வைங்க, வந்துடறேன்" என்று மாஸ்டர் இறங்கிப் போவார். அடுத்தது சிக்னலில் இடது பக்கம் திரும்பி ஒரு மரச்சாமான் கடை. அதன் பின்பக்கம் ரிவர்ஸ் பயிற்சி. அந்தக் கடையில் மாஸ்டர் இதுவரை ஒரு முக்காலிகூட வாங்கியதில்லை, ஆனால் அவரைப் பார்த்ததும் காவலாளி பின்கதவைத் திறந்துவிடுவார். கடைசியாகப் பெட்ரோல் பங்க். நிறுத்து, ஹேண்ட் பிரேக் போடு, மூச்சை இழுத்து விடு, காத்திரு. ஊரில் கழிப்பறை எங்கெங்கே சுத்தமாக இருக்கிறதோ அங்கெல்லாம் மாஸ்டர் ஒரு பாடம் வைத்திருந்தார். மாணவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கற்றார்கள். ஊரிலேயே அவர்களைப் போல் பார்க்கிங் போட ஆளில்லை.

"இதுக்குப் பேரு டிரைவிங் கிளாஸா?" என்று முதல் நாளே டீச்சர் கேட்டார்.

"பார்க்கிங் ரொம்ப முக்கியம் டீச்சர். அதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் தினமும் ஓட்ட ஓட்ட, பெட்ரோல் பங்க்கின் சிவப்புக் கூரை தெரிந்ததும் கை தானாக இண்டிகேட்டருக்குப் போகப் பழகிவிட்டது.

டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் ஒரு காலையில், மாஸ்டர் வெளியே வந்தபின் டீச்சர் பாத்ரூமுக்குள் போனார். தண்ணீர் சரியாக ஊற்றியிருக்கவில்லை. பீங்கானில் லேசாகச் சிவப்பு படர்ந்திருந்தது. டீச்சர் மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"என்னங்க இது?"

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "பீட்ரூட் சாப்பிட்டேன்ல, அதான்."

பீட்ரூட்! அந்த வீட்டுக்குள் பீட்ரூட் வந்து எத்தனை மாசமோ ஆயிற்று. டீச்சர் சத்தம் போட்டார், கெஞ்சினார், மகளைப் போனில் பிடித்துப் பேச வைத்தார். மாஸ்டர் மகளிடமும், "பீட்ரூட்மா" என்றார். இந்த மனுஷன் அண்ணன் போன வழியிலேயே போகிறார் என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பயமாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தால் திட்டுதான் வந்தது.

டெஸ்ட் நாள் வந்தது. மைதானத்தில் மாஸ்டரை இறக்கிவிட்டு, அவர் இடத்தில் அதிகாரி ஏறிக்கொண்டார், கையில் அட்டையும் பேனாவும். டீச்சர் எட்டுப் போட்டார், ரிவர்ஸ் எடுத்தார், மேட்டில் வண்டியைப் பின்னுக்கு உருளவிடாமல் எடுத்தார். "நல்லா ஓட்டறீங்கம்மா, ஊருக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்" என்றார் அதிகாரி. டீச்சருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சுவது வரைக்கும் மனசு ஓடிவிட்டது. அந்த நினைப்பிலேயே இண்டிகேட்டர் போட்டு, அழகாக வளைத்து, பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில் கோடு பிசகாமல் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

"நான் இருக்கேன், போயிட்டு வாங்க" என்றார்.

சொன்ன பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். "நீங்களும் மாஸ்டர்கிட்டக் கத்துக்கிட்டவங்கதானா? போன மாசம் ஒரு பொண்ணு என்னைய நூலகத்துல இறக்கிவிடப் பார்த்துச்சு." கொஞ்சம் யோசித்தார். "சரி, நிறுத்தினது நிறுத்திட்டீங்க." இறங்கிப் போனார், நிதானமாகத் திரும்பி வந்தார், கைக்குட்டையில் கையைத் துடைத்தார், அட்டையில் பெயில் என்று எழுதினார்.

"சார், நீங்களும்தானே போயிட்டு வந்தீங்க!"

"அது வேறம்மா. நான் சொல்லாம வண்டியை நிறுத்தக் கூடாது. நேரா ஆஸ்பத்திரி ரோட்டுல போங்க, அதான் கிட்டக்க."

ஆஸ்பத்திரி ரோட்டில் வேகத்தடை ஒன்று உண்டு. டீச்சருக்கு அது தெரியாது. வண்டி தூக்கிப் போட்டதில் அதிகாரியின் பேனா சீட்டுக்கு அடியில் போய்விட்டது. "இந்த ரோட்டுல ஓட்டினதே இல்லையா?" என்றார் அவர். இல்லைதான். வீட்டிலிருந்து மைதானத்துக்குக் குறுக்கு வழியே இந்த ரோடுதான். இத்தனை நாள் வகுப்பில் ஒரு நாள்கூட மாஸ்டர் சிக்னலில் வலது பக்கம் திரும்பச் சொன்னதில்லை. ஊரிலேயே பெரிய கழிப்பறை, இலவசக் கழிப்பறை, வாசலிலேயே பலகை மாட்டிய கழிப்பறை ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஊரெல்லாம் தேடிப் போனவர் அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். டீச்சருக்கு வந்த கோபத்தில், பெயிலானதே மறந்துபோயிற்று.

மைதானத்தில் மாஸ்டரைக் காணோம். வேறெங்கே, கழிப்பறையில்தான். கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அங்க போய் ஏன் நிறுத்தின? இன்னிக்கு நானா கூட இருந்தேன்?" என்று கேட்டாரே ஒரு கேள்வி! சுற்றிலும் மாஸ்டரின் பழைய மாணவர்கள் நிற்கிறார்களே என்றுகூட டீச்சர் பார்க்கவில்லை.

"ஆமாங்க, நான்தான் தப்பு! உங்க மூத்திரத்துக்கு ஊரே வண்டி ஓட்டக் கத்துக்குது, நீங்க மட்டும் ஆஸ்பத்திரி வாசல் வழியாப் போக மாட்டீங்க! எல்லாருக்கும் உங்க அண்ணனுக்கு வந்ததே வரணும்னு சட்டமா? நிறையப் பேருக்கு வெறும் வீக்கம்தான், மாத்திரையிலயே அடங்கிடுது. அப்படியே அதுவா இருந்தாலும், சீக்கிரம் பார்த்தா பிழைக்கலாம். உங்க அண்ணன் போனதால சாகல, போகாததால செத்தாரு!"

மாஸ்டர் சாவியை வாங்கிக்கொண்டார். வீடு வரைக்கும் அவரே ஓட்டினார். வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை, நெற்றியில் வேர்வை கோடு போட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் குழாய்ச் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை டீச்சர் கார் சாவியை எடுத்தார். "வாங்க, மறு டெஸ்ட்டுக்குப் பழகணும்." மாஸ்டர் மறு பேச்சில்லாமல் வந்து உட்கார்ந்தார். நூலகம் வந்தது, டீச்சர் நிறுத்தவில்லை. மாஸ்டர் ஜன்னல் வழியாக அதை ஏக்கமாகப் பார்த்தார். சிக்னல் வந்தது.

"லெஃப்ட்" என்றார் மாஸ்டர்.

டீச்சர் வலது இண்டிகேட்டரைப் போட்டார்.

"டீச்சர், லெஃப்ட்னு சொன்னேன்."

"கேட்டுது."

"ஏய், வேணாம். இன்னொரு நாள் பார்த்துக்கலாம். சொன்னாக் கேளு."

சிக்னல் பச்சையானது. மாஸ்டரின் கால் அவர் பக்கத்து பிரேக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டதை டீச்சர் ஓரக்கண்ணால் பார்த்தார். அதை அழுத்தினால் வண்டி நடுச் சந்தியில் நின்றுவிடும், டீச்சரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றாம் வகுப்பில் அடங்காத பிள்ளைகளை அடக்கிய குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றார் டீச்சர். அவ்வளவுதான் சொன்னார். கிளட்சை விட்டார்.

கார் வலது பக்கம் திரும்பியது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். மாஸ்டர் பிரேக்கை அழுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, தொண்டையைச் செருமினார்.

"முன்னாடி வேகத்தடை இருக்கு. செகண்ட் போடு."

டீச்சர் செகண்ட் கியர் போட்டார். வண்டி அலுங்காமல் ஏறி இறங்கியது. மாஸ்டரின் கால் பிரேக்கை விட்டுக் கீழே வந்திருந்தது.

ஆஸ்பத்திரி வளாகத்தில் இரண்டு வேன்களுக்கு நடுவே இருந்த இடத்தில், கோடு பிசகாமல், ஒரே எடுப்பில் டீச்சர் ரிவர்ஸில் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, என்ஜினை அணைத்தார்.

"நான் இருக்கேன், போயிட்டு வாங்க."

மாஸ்டர் கதவைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, டீச்சர் பக்கம் திரும்பாமலே, மடியில் கிடந்த கையை மெல்லத் தூக்கி, சுண்டு விரலை நீட்டினார்.

டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.