வலி நின்ற காலை

அந்தப் பேருந்து நிலையத்தில் அவளுடைய குரலைக் கேட்காத ஆளே கிடையாது. முகத்தைப் பார்த்தவர்களைத்தான் விரல்விட்டு எண்ணிவிடலாம். இரும்புப் படியேறிப் போனால் மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு மைக். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்புகிறது, யாருடைய பை காணோம் என்று இருபத்திரண்டு வருடமாக வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே எல்லோருக்கும் அவள் மைக்கக்கா. ஆனால் அந்த அக்காவிடம் "சாப்பிட்டியா" என்று கேட்க ஓர் ஈ காக்கைகூட இல்லை. கணவன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. வெளியூரில் இருக்கும் தம்பி வாரம் ஒருமுறை போன் செய்வான், அதுவும் வேறு ஏதோ வேலையைப் பார்த்துக்கொண்டே.

கழிப்பறை நிலையத்தின் மறுகோடியில் இருந்தது. ஒருமுறை அவள் போய்வருவதற்குள் ஒரு வண்டி அறிவிப்பில்லாமல் கிளம்பிவிட, அதைத் தவறவிட்ட குடும்பம் மொத்தமும் படியேறி வந்து அவளைக் காய்ச்சி எடுத்துவிட்டது. அன்றோடு வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டாள். கழிப்பறைக்குக் காலையில் வீட்டில் ஒருதரம், சாயங்காலம் வீட்டில் ஒருதரம், அவ்வளவுதான். அடக்கிக்கொள்வதில் அவளை அடிக்க ஆளில்லை. இதெல்லாம் ஒரு திறமையா என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இடுப்பு வலி ஆறு வருடமாக உண்டு. இரண்டு மாதம் முன்பு டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஜவ்வு விலகியிருக்கும்மா. வலி வரும், போகும், பயப்படாதீங்க. ஆனா உட்கார்ற இடம், தொடையிடுக்கு மரத்துப்போச்சுன்னா, ஒன்னுக்கு வரலைன்னா, இல்ல தெரியாமலே போயிடுச்சுன்னா, கால் துவண்டா, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது" என்றார். ஓர் ஆண்பிள்ளை ஒன்னுக்கைப் பற்றிப் பேசியதும் இவள் கூனிக்குறுகிப்போய், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி தலையாட்டி வைத்தாள்.

போன வாரம் முழுக்க வலி இரண்டு காலிலும் இறங்கிப் படுத்தி எடுத்தது. அன்று காலை கண் விழித்தால் வலியே இல்லை. விட்டது சனி என்று எழுந்தாள். குளிக்கும்போதுதான் இடுப்புக்குக் கீழே வேறு யாரையோ கழுவிவிடுவதுபோல் இருந்தது. பச்சைத் தண்ணீர், அதான் விறைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வழக்கமாகப் போக வேண்டியது வரவில்லை. நேற்று தண்ணீர் குடிக்காததுதான் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். நல்லதாய்ப் போயிற்று, இன்று நிம்மதி என்று வேலைக்கும் கிளம்பிவிட்டாள். எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்த அந்த நேரத்தில்தான் எல்லாம் கைமீறிக்கொண்டிருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு அடிவயிறு பானையாக உப்பியிருந்தது. வர வேண்டிய உணர்வு மட்டும் துளியும் இல்லை. எழுந்து நின்றால் வலது பாதம் தரையை விட்டுக் கிளம்ப மறுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு படிகளைப் பார்த்தாள். அப்போதுதான் டாக்டர் சொன்னது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இனி நடக்கவே முடியாமல் தனியாகக் கிடந்தால் யார் எடுத்துப்போடுவார்கள்?

தம்பிக்குப் போன் போட்டாள். "உடம்பு ஒரு மாதிரி இருக்குப்பா."

"இடுப்பாக்கா? அது எப்பவும் இருக்கிறதுதானே. மாத்திரை போட்டுட்டுப் படு, நாளைக்குப் பேசறேன்."

ஒன்னுக்கு வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். கூடப் பிறந்தவனிடம் அதை எப்படிச் சொல்வது? "சரிப்பா" என்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

சுவரைப் பிடித்து நகர்ந்து, மைக்கின் பொத்தானை அழுத்தினாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தாள். கீழே ஒருவரும் தலை தூக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான்தாங்க, மைக்ல பேசறவ. எனக்குக் கால் வரல. இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சு. காலையிலேர்ந்து ஒன்னுக்குப் போகல. ஆஸ்பத்திரிக்குப் போகணும், யாராச்சும் மேல வாங்க."

எட்டு மேடையிலும் அது கேட்டது. மானம் போயிற்று என்று மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். படியில் தடதடவென்று காலடி கேட்டது. டீக்கடைக்காரரும் இரண்டு கண்டக்டர்களும் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் ஸ்கேன், அதைத் தொடர்ந்து ஆபரேஷன். "இன்னைக்கே வந்ததால கால் தப்பிச்சுதும்மா" என்றார் டாக்டர். "ஒன்னுக்கு வர்ற உணர்ச்சி திரும்புமான்னு இப்பச் சொல்ல முடியாது. பொறுத்துத்தான் பாக்கணும்."

நான்காம் நாள் ஒன்னுக்குப் போக வைத்திருந்த டியூபை எடுத்தார்கள். மற்ற கட்டில்களைச் சுற்றி உறவும் சுற்றமுமாகப் பேச்சு. இவள் கட்டிலருகே போட்டிருந்த ஸ்டூலைப் பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தம்ளர் தம்ளராகத் தண்ணீர் குடித்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். மணி பன்னிரண்டு ஆனது, இரண்டு ஆனது. நாலு மணி சுமாருக்கு அடிவயிற்றில் லேசாக ஏதோ முட்டியது. பொய்யோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மறுபடியும் முட்டியது.

"ஆயா, எனக்கு ஒன்னுக்கு வருது." வார்டே திரும்பிப் பார்த்தது.

ஆயா பெட்பேனை எடுத்துக்கொண்டு வந்தாள். "வந்தா போ. அதுக்கு எதுக்கும்மா இப்படி அழற?"

அதைச் சொல்ல அவளுக்கு வேறு யாரும் இல்லை. ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.