மலருக்குப் போட்ட நாற்காலி

என் மகளின் பதிலை நான் திருடினேன். ஆம்... வாய் பேசாத பிள்ளையின் பதிலை, அவள் கண்ணெதிரிலேயே!

நான் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன். கல்யாண வரவேற்பில் என்னிடம் மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்க இரண்டு ஆள் வேண்டும். எனக்கு வாய்த்ததோ பேசாத மகள்! கடவுளும் என் வகையறாவைச் சேர்ந்தவர் போலும்.

மலருக்கு அப்போது பதினான்கு வயது. அடுத்து அவள் என்ன பயில்வது என்று திட்டமிடப் பள்ளியில் கூட்டம். டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே ஷேர் ஆட்டோ சிக்கி நின்றபோதெல்லாம் என் பேச்சை ஒத்திகை பார்த்தேன். என் மனைவி வசந்தா மலரின் கையைப் பிடித்திருந்தாள்.

பள்ளியில் ஒரு மேசையைச் சுற்றி வட்டமாக நாற்காலிகள். வகுப்பாசிரியை, சிறப்பாசிரியை, பேச்சுப் பயிற்சியாளர், நாங்கள் இருவர். ஒன்று காலி.

"கலெக்டரும் வர்றாரா மேடம்?" என்றேன்.

"மலருக்கு சார். அவ படிப்பப் பத்திப் பேசறப்போ அவ இல்லாம எப்படி?" என்றார் சிறப்பாசிரியை.

மலர் அமர்ந்தாள். அவள் முன்னே நான்கு படங்கள்: தையல், சமையல், தோட்டம், கணினி.

"உனக்கு எது வேணும் மலர்? மெதுவா காட்டு" என்றார் சிறப்பாசிரியை.

எல்லோரும் இயல்பாகக் காத்திருந்தார்கள். எனக்கு மட்டும் வியர்த்தது. மடியிலிருந்து அவள் கை எழுந்தது. மேசைமேல் வந்தது, நின்றது, யோசித்தது...

கணினிப் படத்தை எடுத்து அந்தக் கையில் திணித்தேன்!

"கம்ப்யூட்டர்தான் மேடம். அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு!"

ஏன் செய்தேன்? அவள் கரண்டியைக் காட்டிவிட்டால் அலுவலகத்தில் என்ன சொல்வேன் என்றா? சுதந்திரம் பற்றி அலமாரி கொள்ளாமல் புத்தகம் வைத்திருப்பவன் நான்!

"அவளே எடுக்கட்டும் சார்" என்று சிறப்பாசிரியை படங்களை மறுபடி பரப்பினார். கை எழவில்லை. நான் சொன்னபடி கணினி என்றே முடிவானது.

வெளியே வந்ததும் வசந்தா கத்தினாள். "இன்னாயா அவசரம் உனக்கு? கொயந்த கைய நீட்டிக்கினுதான இருந்துச்சு!"

"எதுக்கு நீட்டினா... பாத்தியா?"

"எங்க பாக்க வுட்ட? குறுக்கால உன் கைதான வந்துச்சு!"

ஓராண்டு கணினித் திரையின் முன் அசையாமல் அமர்ந்திருந்தாள். பிறகு பள்ளிக்குக் கிளம்பவே மறுத்துவிட்டாள். இப்போது எம்.கே.பி. நகர் வீட்டில்தான் இருக்கிறாள்.

ஞாயிறுதோறும் அதே நான்கு படங்களைத் தரையில் பரப்புகிறேன். கேட்கிறேன். காத்திருக்கிறேன். காத்திருக்கக் கற்றுக்கொண்டேன், பாருங்கள்... வருவதற்கு ஒன்றுமில்லாத பிறகு!

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன். மலர் படங்களைப் பார்ப்பதில்லை. என் முதுகுப்பக்கம் எட்டிப் பார்க்கிறாள்... கை எப்போது வரும் என்று.