எந்தக் கார்பைனை எடுத்துப்போவது

என்னோடு ஆயுதப்படையில் சேர்ந்த தோழி ஒருத்தி இப்போது இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறாள். ஒரு பந்தோபஸ்து முடிந்து வேனில் சேலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேகத்தடை ஒன்றில் வண்டி தூக்கிப் போட்டது. இருக்கையில் சாய்த்து வைத்திருந்த கார்பைன் நழுவித் தரையில் விழுந்து வெடித்தது. யாருடைய விரலும் அதன்மேல் இல்லை. குண்டு அவளுடைய கெண்டைக்காலைத் துளைத்துக்கொண்டு போனது. என் துப்பட்டா இருந்தால் கட்டியிருப்பேன். யூனிஃபார்மில் ஏது துப்பட்டா? கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன்.

கார்பைன் என்பது கைத்துப்பாக்கியின் குண்டையே போட்டுச் சுடும் குட்டைத் துப்பாக்கி. எங்களிடம் இருந்தவை பழையவை, நல்ல கனம். குண்டுகள் அடுக்கிய மேகசின் மாட்டியிருக்கும்போது ஓங்கி அடிபட்டால் உள்ளே இருக்கும் போல்ட் துள்ளித் தானாகவே வெடிக்கலாம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். விசாரணையில் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

அவள் கட்டு பிரிப்பதற்கு முன்பே எனக்கு வேறு பணி வந்தது. ஆட்டையாம்பட்டிக்கு வெளியே, விவசாயக் காட்டுக்குள் தனியாக இருக்கும் ஒரு வீட்டில் காவல். அந்த வீட்டுக்காரர் ஏரியில் மண் அள்ளிய டிப்பர்களை மறித்து நின்றவர். ஒருநாள் டிப்பர் நிற்கவில்லை. அதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி அவருடைய மனைவி. சாட்சி சொன்னால் அவளுக்கும் அதே கதிதான் என்று மிரட்டியிருந்தார்கள். வழக்கு முடியும்வரை ஆயுதத்தோடு ஒரு பெண் காவலர் உடனிருக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லியிருந்தது.

ஆயுதக் கிடங்கில் பொறுப்பாக இருந்த எஸ்.ஐ. இரண்டு கார்பைன்களை மேசைமேல் வைத்தார். ஒன்று பழையது. இன்னொன்று அப்போதுதான் வந்து சேர்ந்த புது ரகம். எடை குறைவு, கீழே விழுந்தாலும் வெடிக்காது என்று சொல்லியிருந்தார்கள்.

"ஏம்மா, புதுசுல நீ எத்தனை ரவுண்டு சுட்டிருப்ப?"

"ஒரே ஒரு நாள் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போனாங்க சார்."

"பழசு?"

"சேர்ந்ததுல இருந்து அதான் சார்."

"அப்ப யோசிச்சுக்க. அவசரத்துல கைக்கு என்ன பழக்கமோ அதான் வரும். இதுல சேஃப்டி வேற எடத்துல இருக்குது."

யோசித்தேன். பழக்கப்பட்ட துப்பாக்கி தானாக வெடிக்கும். தானாக வெடிக்காத துப்பாக்கி பழக்கமில்லை. எதை எடுத்தாலும் ஒரு பயம் கூடவே வந்தது. "வீட்டுல கொழந்த இருக்குதா சார்?" என்று கேட்டேன். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருப்பதாகச் சொன்னார். புதியதை எடுத்துக்கொண்டேன்.

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. சாட்சியான அந்த அக்காவின் பேச்சு எனக்குப் புதிது. "வாங்க சாமி, சாப்புட்டீங்களா?" என்பாள். அடுத்த நொடியே ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்ப்பாள். குழந்தை முதல் நாளே துப்பாக்கியின் வாரைப் பிடித்து இழுத்தது. சட்டென்று அதன் கையைத் தட்டிவிட்டேன். அது அழவில்லை, என்னையே பார்த்தது. அதற்கப்புறம் கார்பைனைக் கழற்றி எங்கேயும் வைப்பதில்லை என்று ஆனது. உட்கார்ந்து சாப்பிடும்போதும் தோளில்தான்.

ஒரு சாயங்காலம், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அக்கா களத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். வண்டித்தடத்தில் இரண்டு பைக்குகள் வந்து நின்றன. நான்கு பேர். யாரும் இறங்கவில்லை. ஒருவன் மட்டும் அக்காவைப் பார்த்து, "என்னக்கா, தென்னைக்கெல்லாம் தண்ணி பாயுதா?" என்றான்.

கார்பைனைத் தூக்கினேன். சுடுவதற்குமுன் விலக்க வேண்டிய சேஃப்டியைத் தேடி என் கட்டைவிரல் போனது. பழையதில் அது இருக்கும் இடத்தில் வெறும் உலோகம்தான் தட்டுப்பட்டது. அங்கேயே தடவினேன். பிறகுதான் மூளைக்கு உறைத்தது. அதற்குள் அவர்கள் வண்டியைத் திருப்பிவிட்டார்கள். துப்பாக்கியைக் கண்டு போனார்களா, வந்த வேலை அவ்வளவுதானா, தெரியாது. இன்ஸ்பெக்டருக்கு போன் பண்ணிச் சொன்னேன். ரோந்து ஜீப் வந்து சுற்றிவிட்டுப் போனது.

அடுத்த நாள் காலையில் அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்கண்ணு, நேத்து உங்க கை தடுமாறுச்சுங்கல்ல?"

அவள் அந்த ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்திருந்தேன். என் கையைப் பார்த்திருக்கிறாள்.

"ஆமாக்கா. இது புதுசு. பழசுதான் எனக்குப் பழக்கம்."

"அப்ப பழசையே கொண்டாந்திருக்கலாமுங்க. எங்க உசுரு அதுலதான இருக்குது?"

அவள் குரலில் இருந்த கோபம் நியாயமானது. தோழியின் காலைப் பற்றிச் சொன்னேன். வேன் குலுங்கியது, விழுந்தது, வெடித்தது, அவ்வளவையும் சொன்னேன். அவள் கட்டிலைப் பார்த்தாள். குழந்தை தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. காபியில் ஆடை படிந்துவிட்டது.

"அப்ப இதே இருக்கட்டுமுங்க. ஆனா நீங்க பழகிக்கோணும். நான் பழக்கி உடறேன்."

அன்றிலிருந்து குழந்தை பால்வாடிக்குப் போனதும் எங்கள் வேலை தொடங்கும். மேகசினைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்ப்பேன். பிறகு கார்பைனைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்சுவரைப் பார்த்து நிற்பேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருப்பாள். நான் எதிர்பார்க்காத நேரத்தில், "இப்ப!" என்பாள். தூக்க வேண்டும், விரல் சரியான இடத்துக்குப் போக வேண்டும்.

"நேரமாயிருச்சுங்க. அவன் சுட்டுப்போட்டுப் போயிருப்பான்," என்பாள். சிரிக்க மாட்டாள்.

தன்னைக் கொல்ல வருகிறவனை ஒரு நாளில் பலமுறை அவள் மனதுக்குள் வரவழைத்தாள், என் கை பழகுவதற்காக. சில நாள் "இப்ப" என்று சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். போதும் அக்கா என்றால் கேட்க மாட்டாள். ரேஞ்சில் இன்னும் ஒரு நாள் சுட அனுமதி கேட்டு இன்ஸ்பெக்டரிடம் பேசினேன். "எல்லாரும் கேக்குறாங்கம்மா, ரவுண்டு இல்ல," என்றார். ஆக எனக்குக் கிடைத்த பயிற்சி அந்தச் சமையலறை ஓரத்தில் நடந்ததுதான்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. கோர்ட் வராந்தாவில் நான் கதவருகே நின்றேன். எதிர்ப்பக்கத் தூணில் அன்றைக்கு பைக்கில் வந்து பேசியவன் சாய்ந்து நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். உள்ளே அக்காவின் குரல் கேட்டது. டிப்பரின் நிறம், ஓட்டியவன் முகம், தன் புருஷன் கையை உயர்த்தி நின்ற இடம் எல்லாவற்றையும் சொன்னாள். குறுக்கு விசாரணையில் வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டும் மாற்றிச் சொல்லவில்லை. என் கட்டைவிரல் அவ்வளவு நேரமும் சேஃப்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெளியே வந்ததும், "தண்ணி வேணுமுங்க," என்றாள். பாட்டிலைப் பிடிக்க முடியாமல் பாதியைச் சேலையில் கொட்டிக்கொண்டாள்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. சாட்சியம் முடிந்த பிறகு என்னை வேறு பணிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு இப்போது ரோந்து மட்டும்தான். கார்பைனைத் திருப்பிக் கொடுத்தபோது எஸ்.ஐ., "புதுசு எப்படிம்மா, தேவலையா?" என்று கேட்டார். நான் ஒரு ரவுண்டுகூடச் சுடவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பழையதை எடுத்துப் போயிருந்தாலும் ஒன்றும் ஆகாமலே இருந்திருக்கலாம். அன்று களத்தில் அவர்கள் இறங்கி வந்திருந்தால் நான் எடுத்த முடிவைப் பற்றி வேறு யாராவதுதான் பேசியிருப்பார்கள்.

"கீழ விழுந்தா வெடிக்காது சார். அது போதும்," என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.