லாக் போட்ட ஃபைலும் டிஷ்யூ பாக்கெட்டும்

சமீபத்தில் சிங்கப்பூரில் எங்கள் தெம்பனிஸ் ஆபீஸில் ஒரு பழைய வழக்கத்தை ஒழித்துக்கட்டினேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்...

எங்கள் டீம் எழுதிய புரோகிராம் கோடு முழுவதும் பல வருடமாக எஸ்விஎன் என்ற சிஸ்டத்தில் இருந்தது. அதை ‘கிட்’ என்ற புதிய சிஸ்டத்துக்கு மாற்றினோம். பழையதில், ஒரு ஃபைலைத் திருத்துகிறவர் அதற்கு லாக் போட்டுவிடலாம். வேறு யாரும் கைவைக்க முடியாது. புதியதில் ஆளுக்கொரு பிரதி — திருத்திவிட்டுக் கடைசியில் ஒன்றாகச் சேர்க்க வேண்டியதுதான்.

தேக்கா சாப்பாட்டுக் கடைகளில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசை பிடிக்கிறோமே, லாக்கும் அதே கதைதான். டிஷ்யூவை மீறி நம்மில் யாராவது உட்காருவோமா?

அதிகமாக லாக் போடுகிறவர் டீமின் சீனியர், ஹமீது அண்ணன். துவாஸ் கிடங்கு ஒன்றின் சரக்கு இருப்பைக் கவனிக்கும் ஃபைல் நிரந்தரமாக அவர் வசம். லீவில் போனாலும் லாக்கை எடுக்க மாட்டார். காரணம் உண்டு. முன்பொரு முறை அவருடைய திருத்தத்தின் மேலேயே இன்னொருவர் எழுதிவிட, கிடங்கில் வேலை நின்றுபோனது. திட்டு வாங்கியவர் இவர்.

"லாக் இல்லன்னா நான் வேற டீமுக்குப் போயிடறேன்மா. திரும்பவும் அந்தப் பேச்சு கேக்க என்னால முடியாது" என்றார்.

சும்மா சொல்கிற ஆள் இல்லை. அவர் இல்லாத டீமா? ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

"ஒரு வாரம் பாருங்கண்ணே. அப்புறம் உங்க இஷ்டம்."

மாற்றிய மறுநாளே வந்தது வினை. அவர் திருத்திய அதே ஃபைலை எங்கள் டீமில் இருக்கும் பிரியாவும் திருத்தியிருந்தாள். "நான் சொன்னேன்ல?" என்று என் மேசை முன்னால் வந்து நின்றார்.

மூவரும் ஒரே ஸ்கிரீன் முன் உட்கார்ந்தோம். வெவ்வேறு இடங்களில் செய்த திருத்தங்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. இருவரும் கைவைத்த ஒரே ஒரு வரியில் மட்டும் சிஸ்டம் நின்றது — இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டது.

"என்னோடத அழிக்கலயா?"

"உங்கள கேக்காம அழிக்காதுண்ணே."

"அண்ணனோடதே இருக்கட்டும், ஓகே லா" என்றாள் பிரியா.

அவர் இரண்டையும் படித்தார். திரும்பவும் படித்தார். "இல்லம்மா, உன்னோடதுதான் சரி. திரும்பி வர்ற சரக்க நான் கணக்குல எடுக்கல."

சனிக்கிழமை தேக்காவில் டீம் சாப்பாடு. டிஷ்யூ வைத்து மேசை பிடித்தது வேறு யார்? அவரேதான். பிரியா இன்னும் வரவில்லை. தட்டோடு ஒருவர் இடம் தேடி நின்றார். ஹமீது அண்ணன் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"உக்காருங்க. எங்க ஆளு வந்தா நெருக்கி உக்காந்துக்கலாம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழம இன்னொரு ஃபைலையும் பிரியாவோட உக்காந்து பாக்கணும்மா."

வேறு டீம் பற்றி நான் கேட்கவே இல்லை. பிரியாணி முடிந்ததும் அந்த டிஷ்யூவில் எல்லோரும் கை துடைத்துக்கொண்டோம் — அது இருப்பதே அதற்குத்தானே?